லோகநாதன் வேலி தாண்டிய கதை

மூணாறில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து டீச்சர் வீட்டுக்கும் நடுவில் உள்ள வேலி, கொஞ்சம் மரக்குச்சி, கொஞ்சம் துருக்கம்பி, மீதி நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் முள் முளைத்தது.

கொண்டுவந்தவர் சித்தப்பா. எஸ்டேட்டில் துரை பங்களாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகமாட்டார். அன்றைக்கு ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தது ஒரு முட்கொடியின் வேர்க்கன்று.

"லோகன் பெர்ரிடா. வெள்ளைக்காரத் துரைங்க வெச்சுட்டுப் போனது. ஜாம் போட்டா அப்படி இருக்கும்."

அம்மா சாக்கைப் பிரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "கொழுந்து கொறஞ்ச மாசமெல்லாம் தேயிலைக்குள்ள இந்தச் சாதி முள்ளை வெட்டித்தான் சம்பளம் வாங்கினேன். இப்ப இதைத் தண்ணி ஊத்தி வேற வளக்கணுமா?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. இந்த மலையில் மஞ்சளாகவும் கறுப்பாகவும் தானாகப் பழுக்கிற காட்டு ராஸ்பெர்ரிகளும் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான். ஆனால் சித்தப்பா கொண்டுவந்தது கொஞ்சம் கௌரவமான குடும்பம். 1881 வாக்கில் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் ஊரில் ஜேம்ஸ் ஹார்வி லோகன் என்ற நீதிபதி, நல்ல பிளாக்பெர்ரி ஒன்றை உருவாக்கலாமென்று வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பிளாக்பெர்ரி ரகங்களை அருகருகே நட்டார். பக்கத்திலேயே ஒரு பழைய சிவப்பு ராஸ்பெர்ரியும் நின்றிருந்தது. மகரந்தம் எங்கெங்கோ போய் வந்திருக்கிறது. விதையைப் போட்டு முளைத்த நாற்றுகளில் ஒன்று பிளாக்பெர்ரிக்கும் ராஸ்பெர்ரிக்கும் பொதுப்பிள்ளை. அதுதான் லோகன் பெர்ரி. பக்கத்துச் செடியோடு வம்பு வைத்துக்கொள்வது அதன் பிறவிக்குணம் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா!

அம்மா வாயில் லோகன் பெர்ரி நுழையவில்லை. லோகநாதன் ஆக்கிவிட்டாள்.

முதல் வருஷம் லோகநாதன் நீளமாக வளர்ந்தானே தவிர ஒரு பூ கிடையாது. அவன் வழக்கம் அப்படி. ஒரு தண்டு இந்த வருஷம் வளரும், அடுத்த வருஷம் காய்க்கும், காய்த்ததும் செத்துப்போகும். அதற்குள் அடியிலிருந்து புதுத்தண்டு வந்திருக்கும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவேயில்லை. கவாத்துக்கத்தியை எடுத்துக்கொண்டு, தேயிலையை வெட்டுகிற மாதிரி முட்டி உயரத்தில் ஒரே மட்டமாகச் சீவக் கிளம்பினாள். சித்தப்பா போனிலேயே அலறினார். "அண்ணி, கைய வெச்சிராதீங்க! காய்ச்சு முடிஞ்ச தண்டை மட்டும் மண்ணோட வெட்டணும். புதுசைத் தொட்டா அடுத்த வருஷமும் பழம் கெடையாது!"

மழை ஓய்கிற சமயம் பார்த்தால், நீண்ட தண்டு ஒன்று வேலிமேல் ஏறி, வளைந்து, டீச்சர் வீட்டு மண்ணில் நுனியைக் குத்தியிருந்தது. நுனி மண்ணில் பட்டால் அங்கேயே வேர்விட்டுத் தனிச்செடி ஆகிவிடும். இந்த இனம் பெருகுவதே அப்படித்தான். காலையில் பார்த்த அம்மா வாசலில் நின்று சத்தம் போட்டாள்.

"டேய், லோகநாதன் டீச்சர் வீட்டுக்குள்ள போயிட்டான்டா!"

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். டீச்சர் தனியாக இருப்பவர். சாயங்காலம் டீக்கடையில் ஒருவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "உங்க வீட்ல யாரோ தங்கியிருக்காராமே, ஆளு சரியில்லையாம்?" என்று விசாரித்தார். செடி என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜனவரியில் புல்வெளியெல்லாம் வெள்ளையாகிற உறைபனி. ஊரே கம்பளிக்குள் இருந்தது. குளிர் பட்டால்தான் இந்த வகைக்குப் பூக்கிற புத்தி வரும். பனி விலகியதும் வெள்ளைப் பூ. அப்புறம் காய். எங்கே? எங்கள் பக்கம் சில்வர் ஓக் மர நிழல். பூத்தது முக்கால்வாசி வேலிக்கு நேர் மேலே. கீழே பார்த்தால் ஒரு கால் எங்கள் மண்ணில், இன்னொரு கால் டீச்சர் மண்ணில்.

"வேரு எங்களுது டீச்சரம்மா."

"அக்கா, இவிடெயும் வேர் உண்டல்லோ," என்று டீச்சர் குனிந்து காட்டினார். உண்மையிலேயே கெட்டியான வேர். அம்மாவுக்குப் பதில் வரவில்லை. அதனால் கோபம் வந்தது.

தீர்ப்புக்கு வந்த சித்தப்பா வழக்கைத் தொடவேயில்லை. பழத்தைப் பறித்துப் பாடம் நடத்தினார். ராஸ்பெர்ரியைப் பறித்தால் பழத்தின் நடுத்தண்டு காம்போடு நின்றுவிடும், பழம் தொப்பி மாதிரி உள்ளே பொள்ளலாக வரும். இதில் நடுத்தண்டும் பழத்தோடு சேர்ந்தே வரும், அது பிளாக்பெர்ரி பக்கத்துச் சொத்து. நிறம் ராஸ்பெர்ரி சாயல். "இன்னும் கருஞ்சிவப்பா ஆகட்டும். இப்பப் பறிச்சா பல்லு கூசும்," என்று சொல்லிவிட்டு, பல் கூச நாலைந்தைத் தின்றுவிட்டுப் போனார்.

கருஞ்சிவப்பு ஆகட்டுமென்று இரண்டு வீடும் காத்திருந்தது. டீச்சர் பறிப்பாரோ என்று அம்மா ஜன்னலில், அம்மா பறிப்பாளோ என்று டீச்சர் திண்ணையில். கொண்டைக்குருவிகளுக்கு அந்த மாதிரி தயக்கம் எதுவும் இல்லை. விடியற்காலையில் வந்து பழுத்ததாகப் பொறுக்கித் தின்றன. டீச்சர்தான் முதலில் இறங்கிவந்தார், கையில் ஒரு பழைய கொசுவலையோடு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வேலிமேல் போர்த்தினார்கள். முள்ளில் அம்மா புடவையும் டீச்சர் நைட்டியும் மாட்டிக்கொண்டு, இருவரும் நகர முடியாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

மிஞ்சியதில் ஜாம் வந்தது. கிண்டியது டீச்சர், சர்க்கரை எங்களுடையது. புளிப்புப் பழம் என்பதால் சர்க்கரை தாராளமாகவே போயிற்று. அம்மா சப்பாத்தியில் தடவித் தின்று, "புளிச்சக்கீரைத் தொக்கு இதைவிடப் பரவால்ல," என்றாள். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

வழக்குக்குக் காரணமான தண்டு சொன்னபடி காய்ந்துபோனது. எங்கள் பாதியை அம்மா வெட்டினாள், அவர் பாதியை டீச்சர் வெட்டினார். இப்போது டீச்சர் பக்கத்துச் செடியிலிருந்து புதுத்தண்டு ஒன்று கிளம்பி, வேலிமேல் ஏறி, எங்கள் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. அது எங்கே இறங்கும் என்று அம்மா குத்துமதிப்பாகப் பார்த்து, அந்த இடத்தில் மண்ணைக் கொத்தி, ஒரு கூடை மக்கின சாணி கொட்டி வைத்திருக்கிறாள். டீச்சர் கேட்டால் ரோஜாவுக்காம்.