எம்.டி. ஜெனரல் மெடிசின்: டாக்டரின் போர்டில் இருப்பதை எப்படிப் படிப்பது?

நம்மூர் ஃபிசிஷியனின் (பொது மருத்துவ நிபுணரின்) பின்னணி இதுதான்: எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருஷம், பிறகு நீட் பிஜி என்ற மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி எம்.டி. ஜெனரல் மெடிசின் 3 வருஷம். எம்.டி.க்குச் சமமானது டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்); அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 3 வருஷம் டி.எம். அல்லது அதற்குச் சமமான படிப்பு படித்தால்தான் கார்டியாலஜிஸ்ட் (இதய நிபுணர்), நெஃப்ராலஜிஸ்ட் (சிறுநீரக நிபுணர்) எல்லாம்.

எம்.டி.யின் 3 வருஷத்தில் வார்டு, ஐசியு, இரவு டூட்டி, நடுவே தீசிஸ் (ஆய்வுக் கட்டுரை). கடைசித் தேர்வில் பலரைக் கவிழ்ப்பது லாங் கேஸ். முன்பின் தெரியாத ஒரு நோயாளியிடம் விவரம் கேட்டு, நாடி பிடித்து, கழுத்து ரத்தக்குழாயின் துடிப்பைப் பார்த்து, ஈரலையும் மண்ணீரலையும் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எதுவும் இல்லாமல் நோயைச் சொல்ல வேண்டும். கைக்கு எட்டாத மண்ணீரலை "தட்டுப்படுகிறது" என்று சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. தேர்வாளர் அடுத்து கேட்பதே, "எத்தனை சென்டிமீட்டர் வீங்கியிருக்கிறது?"

பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீளமாக இருந்தால் நிதானமாகப் படியுங்கள். எம்.ஆர்.சி.பி. என்பது பிரிட்டனின் மூன்று கட்டத் தேர்வு, நம்மூர் எம்.டி. போல 3 வருஷ வார்டுப் படிப்பு அல்ல. எஃப்.ஆர்.சி.பி. தேர்வே இல்லை, கௌரவமாகக் கிடைப்பது. சர்க்கரை நோய்க்கான சில மாதச் சான்றிதழை வைத்து "டயபெட்டாலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்வதும் நடக்கிறது. என் கணக்கில் அது சரியல்ல.

மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் அதைப் போட்டுத் தேடலாம். எம்.டி. அங்கே தெரியாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். மேல்படிப்பை மருத்துவ கவுன்சிலில் தனியாகப் பதிய வேண்டும், சிலர் தாமதிப்பதுண்டு. நேரில் கேளுங்கள்.