நாகை பக்கம் புத்தரைத் தேடி ஒரு நாள்

பொங்கல் லீவுல நானும் அத்தை பையனும் மாயவரத்துலேர்ந்து பைக்க எடுத்துக்கிட்டு கிளம்பிட்டோம், பெருசா பிளான் எல்லாம் இல்ல, நம்ம பக்கம் புத்த மதம் இருந்த இடத்தையெல்லாம் ஒரே நாள்ல முடிஞ்ச வரைக்கும் பாத்துடுவோம்னுதான்.

மொதல்ல பூம்புகார். வர்றவங்க எல்லாரும் நேரா பீச்சுக்குப் போயிடுறாங்க, மேலையூர்ல பல்லவனேஸ்வரம் கோயில் கிட்ட விகாரம், அதாவது புத்த பிக்குங்க தங்குன மடம், இருந்த எடத்துல வண்டி நிக்கிறதே இல்ல. 1960கள்ல தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம்தான் மிச்சம், புத்தர் பாதம் ஒண்ணும் அங்க கெடச்சுது. 5ஆம் நூற்றாண்டுல புத்ததத்தர்னு ஒரு பிக்கு இதே காவிரிப்பூம்பட்டினத்துல இருந்துதான் பாலி மொழியில நூல் எழுதியிருக்காரு. அந்த செங்கல் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தோம்.

அப்புறம் தரங்கம்பாடி, காரைக்கால்ல ஒரு டீ, நாகப்பட்டினம். இங்கதான் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு. ராஜராஜன் காலத்துல சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய ராஜா தன் அப்பா சூடாமணிவர்மன் பேர்ல கட்டுன விகாரம், கடல் தாண்டி வந்தவங்களுக்காக எழும்புனது, இன்னிக்கு ஒரு சுவர் கூட இல்ல. கப்பல்காரங்களுக்கு அடையாளமா நின்ன மூணு நிலை செங்கல் கோபுரம் 1867 வரைக்கும் இருந்துச்சு, அதையும் இடிச்சுட்டாங்க. நம்ம பாட்டனோட பாட்டன் பாத்திருப்பாரு, அவ்வளவு கிட்டத்துல தவற விட்டிருக்கோம்.

கீழ்வேளூர் பக்கம் திரும்புனா ஆனைமங்கலம். அந்த விகாரத்துக்கு ராஜராஜன் எழுதிக் குடுத்த ஊரு இதுதான், லெய்டன் செப்பேடுன்னு சொல்றாங்களே அதுல இருக்கு, மொத்தம் 21 ஏடு. சைவக் கோயில் கட்டுன ராஜா புத்தர் கோயிலுக்கும் நெல்லு அளந்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டே போனா ரெண்டு பக்கமும் சம்பா அறுப்பு நடந்துக்கிட்டிருக்கு, மிஷின் சத்தம், வைக்கோல் வாசம். அந்த நெல்லு வெளஞ்ச அதே மண்ணு!

கடைசியா புத்தமங்கலம். ஊர் பேர்லயே இருக்காரு. சம்மணம் போட்டு தியானத்துல, தலைக்கு மேல தீப்பிழம்பு மாதிரி முடி, தொங்குற காது, சோழர் காலத்து புத்தர் எல்லாருக்கும் இருக்குற அந்த அமைதியான மூஞ்சி. நாங்க பாத்துக்கிட்டிருக்கப்ப ஒரு ஆயா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்துச்சு.

"எந்த ஊரு தம்பி?"

"மாயவரம் ஆயா. இவரு யாருன்னு தெரியுமா?"

"புத்தர் சாமி. வேற யாரு?" அப்படின்னுட்டு திரியக் கிள்ளி வெளக்கேத்திட்டு, எங்க நெத்தியிலயும் துன்னூறு பூசி விட்டுச்சு.

நாகப்பட்டினத்துல 1856லேர்ந்து கெடச்ச புத்தர் செப்புச்சிலை மட்டும் 350க்கு மேல, அதுல நெறைய எழும்பூர் மியூசியத்துலதான் இருக்கு. அடுத்த வாட்டி மெட்ராஸ் போறப்ப அம்மாவ கூட்டிட்டு அங்க போகணும்.