குலுக்கினால் உருவும் ஸ்ப்ளைஸ்: என் செய்முறைத் தேர்வு

ஹைலைன் என்பது உயரத்தில் இழுத்துக் கட்டிய பட்டைமேல் நடப்பது; அந்தப் பட்டையைப் பிடித்திருக்கும் கட்டு ஆங்கர். அந்த ஆங்கர் பயிற்சியின் செய்முறைத் தேர்வில் ஸ்ப்ளைஸ் முறையில், அதாவது முடிச்சில்லாமல் கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே புதைத்து, நான் போட்ட கண் (முனை வளையம்) இழுவையைத் தாங்கிவிட்டது. பிறகு தேர்வாளர் பாரத்தை இறக்கி, கயிற்றைத் தளரவிட்டு அரை நிமிடம் உதறினார். உள்ளே புதைத்திருந்த வால் ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது. அத்தோடு தேர்வு முடிந்தது.

டைனீமா என்ற பலமான செயற்கை இழையில் பின்னிய 12 புரிக் கயிறு உள்ளே குழாய்போல் வெற்றாக இருக்கும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் ஒடுங்கி, புதைத்த வாலைக் கவ்வுகிறது. இழுவை போனால் கவ்வலும் போகிறது. ஹைலைனில் பேக்கப் லைன் (முதன்மைப் பட்டை அறுந்தால் தாங்கும் துணை லைன்) பாரமில்லாமல் தொங்கி நாள் முழுவதும் ஆடுகிறதே, அங்கே நடப்பது அந்த உதறல்தான். வால் உருவாமல் கயிற்றின் குறுக்கே போடும் பூட்டுத் தையலை வெறும் அழகுக்கு என்று நினைத்துப் போடாமல் விட்டது என் தவறு. தைக்கும்போது நூலை இறுக்கிக் கட்டாதீர்கள்; பாரம் ஏறும்போது வால் உள்ளே படிய இடம் வேண்டும்.

புதைக்கும் நீளம் பொதுவாகக் கயிற்றின் விட்டத்தைப்போல் 72 மடங்கு. 12 மி.மீ. கயிற்றுக்கு 864 மி.மீ. வீண் என்று தோன்றும், குறைக்க வேண்டாம். உற்பத்தியாளரின் அட்டவணை வேறு சொன்னால் அதுவே இறுதி. வாலின் நுனியில் புரிகளைப் படிப்படியாக வெட்டி மெலிதாக்குங்கள். மேலிருந்து தடவிப் பார்த்தால் வால் முடியும் இடம் விரலுக்குத் தட்டக் கூடாது. தட்டினால் கயிறு அறுவதும் அங்கேதான்.

'எப்போது ஸ்ப்ளைஸ் போட மாட்டீர்கள்?' என்பது வாய்மொழிக் கேள்வி. நீளம் களத்தில்தான் தெரியும் என்றால் போட மாட்டேன். அப்போது பாலியெஸ்டர் கயிற்றைப் பருத்த மரத்தில் பல சுற்றுச் சுற்றி, உராய்வே பாரத்தை ஏற்கும்படி கட்டுவேன். டைனீமாவில் முடிச்சு வேண்டாம்: வழுக்கும், பலத்தில் பாதி போய்விடும். உருகுநிலையும் ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸ்தான், உராய்வுச் சூட்டுக்கே பயப்பட வேண்டும். எழுத்துத் தேர்வில் கோணக் கணக்கு வரும். ஆங்கரில் பாரத்தைப் பகிரும் இரு கயிற்றுக் கால்களுக்கிடையே 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலிலும் முழுப் பாரமும் விழும்.

இரண்டாம் முறை, வால் நுழையும் கழுத்தில் இரண்டு பகுதிக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்; வால் நழுவினால் கோடு விலகிக் காட்டிவிடும். தேர்வாளர் உதறுவதற்கு முன் நானே உதறிக் காட்டினேன்.