வாங்கிய மாடலும் வைவாவில் வந்த கேள்வியும்

எம்.டெக். ப்ராஜெக்டுக்கு ரத்த வங்கி இருப்பை வைத்து சிஸ்டம் டைனமிக்ஸ் மாடல் (இருப்பும் வரவு செலவும் காலப்போக்கில் எப்படி மாறும் என்று கணக்கிடும் மாடல்) செய்தேன். செய்தேன் என்பதே கொஞ்சம் அதிகம். சீனியர் ஒருவர் உதிரிபாகக் கிடங்குக்காக வென்சிம் என்ற மென்பொருளில் போட்டிருந்ததை வாங்கிப் பெயர்களை மாற்றினேன். காலாவதிக்கு மட்டும் புதிதாக ஒரு ஃப்ளோ, அதாவது தினமும் வெளியேறும் அளவு: இருப்பை 35-ஆல் வகுத்தது. சிபிடிஏ-1 என்ற உறைவுத் தடுப்புக் கரைசல் உள்ள பையில் சிவப்பணு 35 நாள்தான் தாங்கும். கிராஃப் பழைய டேட்டாவோடு அழகாக ஒட்டியது. 'வேலிடேஷன் (மாடல் சரியா என்ற சோதனை) முடிந்தது' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கிராஃபைப் பார்க்கவே இல்லை.

"இன்னைக்கு 100 யூனிட் வருது. யாருக்கும் கொடுக்கல. நாளைக்கு எத்தனை இருக்கும்மா?"

கால்குலேட்டரைத் தட்டினேன். "97 சொச்சம் சார்."

"புது ரத்தம் ஒரே நாள்ல எப்படிக் கெட்டுச்சு? சரி, 35 நாள் கழிச்சு?"

36-க்கு மேல் மிச்சம் இருந்தது. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம் அது.

சிக்கல் இதுதான்: இப்படி இருப்பில் ஒரு பங்கைத் தினமும் கழிக்கும் ஃபர்ஸ்ட் ஆர்டர் டிலேக்குப் பழையது, புதியது தெரியாது, எல்லாம் ஒரே அண்டாவில் கலந்த தண்ணீர். போல்ட்டுக்கும் நட்டுக்கும் அது போதும். ரத்தப் பையில் தேதி ஒட்டியிருக்கிறது. வயதுவாரியாக ஸ்டாக்குகளை (இருப்புகளை)ப் பிரித்துச் சங்கிலியாகக் கோத்திருக்க வேண்டும். கிடங்குக்குச் சரியான மாடல் ரத்த வங்கிக்கும் சரி என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. எதற்காக என்று கேட்காமல் ஒரு மாடலைச் சரி, தப்பு என்று சொல்லவே முடியாது.

மாடலைச் சோதிப்பது பற்றி சிஸ்டம் டைனமிக்ஸ் ஆய்வாளர்கள் ஃபாரஸ்டரும் செங்கேயும் 1980-இல் தொகுத்த சோதனைகளையும், பார்லஸின் 1996 கட்டுரையையும் படித்துவிட்டுப் போங்கள். முதலில் அமைப்பு (சமன்பாடுகள்), பிறகுதான் நடத்தை (கிராஃப்) என்பார் பார்லஸ். நான் தலைகீழாகப் போனேன்.

வாங்கிய மாடலில் முதல் வேலையாக உள்ளே வரும் அளவைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். என்னுடையதில் இருப்பு மைனஸில் இறங்கியது. இல்லாத ரத்தத்தை நோயாளிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்! டைம் ஸ்டெப்பை (கணக்கு ஒரு தடவையில் தாண்டும் காலம்)ப் பாதியாக்கினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பதற்கும் ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அலகுகள் பொருந்துகின்றனவா என்று மென்பொருள் பார்க்கும் யூனிட் செக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். சீனியரின் மாடல் வாரக் கணக்கு. நான் எல்லா இடத்திலும் 'வாரம்' என்பதை 'நாள்' என்று மாற்றினேன். வென்சிம் ஒரு பிழையும் காட்டவில்லை. இருப்பைச் சரிக்கட்டும் காலம் 4 வாரமாக இருந்தது, சத்தமில்லாமல் 4 நாளாகிவிட்டது. எண் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதினால்தான் இது மாட்டும்.

திருத்திக் கொடுக்க ஒரு மாதம் கிடைத்தது. புது கிராஃப் டேட்டாவோடு முன்னளவுக்கு ஒட்டவில்லை. அதையே கொடுத்தேன்.