கவர் மாறிய திங்கட்கிழமை

2022 பிப்ரவரி 28. நான்காவது சனி, ஞாயிறு என இரண்டு நாள் விடுமுறை முடிந்து குன்னூரில் எங்கள் வங்கிக் கிளையைத் திறக்கும்போதே ஷட்டர் ஓரம் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சிறிய தேயிலை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்காளர். குல்லாயும் ஸ்வெட்டரும் பனியில் நனைந்திருந்தன. "மேடம், நம்ம ரஷ்யா பில் என்ன ஆகும்?" வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராகக் கேட்டார்.

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து போர் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அந்நியச் செலாவணி மேசை என் பொறுப்பு. கணினியைத் திறந்தால் மேலிடத்திலிருந்து அஞ்சல் வந்து கிடந்தது. ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் மத்திய அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி., பிப்ரவரி 25 முதல் ரஷ்யாவை 'ஓப்பன் கவர்' (கவர் என்றால் காப்பீடு) பட்டியலிலிருந்து எடுத்து 'ரெஸ்ட்ரிக்டட் கவர்' பட்டியலுக்கு மாற்றியிருந்தது. அதுவரை வழக்கமான நடைமுறையில் கிடைத்த காப்பீட்டுக்கு இனி தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும், அதற்கு ஒரு வரம்பும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பட்டியலில் ஒரு நாட்டின் பெயர் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதன் கனம் எங்கள் மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏற்றுமதியாளர் குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் எடுக்கிறார். குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். வெளிநாட்டுப் பணம் வர மாதக்கணக்கு ஆகும். நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்புவது பேக்கிங் கிரெடிட் என்று நாங்கள் கொடுக்கும் கடன். சரக்கு கொச்சியில் கப்பல் ஏறியதும் பில்லை வாங்கிக்கொண்டு அந்தக் கடனை முடிப்போம். அப்புறம் பில் பணம் வரும்வரை ஆபத்து எங்களுடையது. இவ்வளவு தைரியமாக வங்கி பணத்தை வெளியே விடுகிறது என்றால், பின்னால் இ.சி.ஜி.சி. நிற்கிறது என்பதால்தான். வாங்கியவர் திவாலானாலும், அந்த நாட்டில் போர் வந்து பணம் வெளியே வர முடியாமல் போனாலும் இழப்பில் பெரும்பங்கை அது ஏற்கும். 1957இல் வேறு பெயரில் தொடங்கிய நாளிலிருந்து அதன் வேலையே இதுதான். அந்தக் கை கொஞ்சம் பின்வாங்கினால் வங்கியின் கையும் பின்வாங்கும். எந்தத் தேயிலைக்கும் யாரும் தடை போடவில்லை. ஆனால் வாங்கி அனுப்ப ஏற்றுமதியாளர் கையில் பணம் இருக்காது.

இதைத்தான் வல்லரசுகள் ஆயுதமாகவே வைத்திருக்கின்றன. 1974இல் அமெரிக்கா, தன் நாட்டிலிருந்து மக்கள் வெளியேறுவதைத் தடுத்த சோவியத் யூனியனுக்கு, ஏற்றுமதிக்குக் கடன் தரும் தன் அரசு வங்கியான எக்சிம் வங்கியின் கடன் கிடைக்காதபடி சட்டமே போட்டது. 1981 டிசம்பரில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததும் அமெரிக்க அதிபர் ரீகன் முதலில் கைவைத்தவற்றில் ஒன்று போலந்துக்கான ஏற்றுமதிக் கடன் காப்பீடு. 2022இல் ஜெர்மனியும் பிரிட்டனும் ரஷ்யாவுக்குப் புதிய ஏற்றுமதி உத்தரவாதங்களை நிறுத்தின. நம் மேலும் அந்த அடி விழுந்திருக்கிறது. 1998 மே மாதம் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்க எக்சிம் வங்கி இந்தியாவுக்கான புதிய கடனையும் உத்தரவாதத்தையும் நிறுத்தியது. அப்போது நான் வேலையில் சேர்ந்து இரண்டே வருடம். மூத்த அதிகாரி ஒருவர் செய்தித்தாளை மடித்து என் மேசையில் வைத்து, "தடைன்னா கப்பலை மறிக்கிறதுன்னு நினைக்காதம்மா. கையெழுத்துப் போடாம இருந்தா போதும்" என்றார். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தியா 2022இல் ரஷ்யா மீது எந்தத் தடையும் விதிக்கவில்லை. இ.சி.ஜி.சி. செய்தது காப்பீட்டுக்காரர் செய்யும் ஆபத்துக் கணக்கு. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தடை விதித்தவருடைய நோக்கமும் விதிக்காதவருடைய எச்சரிக்கையும் கடைசியில் ஒரே கவுன்டரில் வந்து நிற்கின்றன. கணக்காளருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று அவர் ஃபைலில் இரண்டு பில்கள் இருந்தன. ஒன்று இன்னும் கொச்சிக்குக்கூடப் போகாத சரக்கு. அதை நிறுத்திவைக்கச் சொன்னேன். நல்லவேளை, மார்ச் தொடக்கத்தில் பெரிய கப்பல் நிறுவனங்களே ரஷ்யாவுக்கு முன்பதிவை நிறுத்திவிட்டன. இன்னொன்று ஜனவரியிலேயே கப்பல் ஏறியது. ஆவணங்கள் கூரியரில் ரஷ்ய வங்கிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. மார்ச் 2ஆம் தேதி ஏழு ரஷ்ய வங்கிகளை, உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்டிலிருந்து நீக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்த செய்தி வந்தபோது, பட்டியலை விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். எங்கள் பில் போன வங்கி அதில் இல்லை. இருந்தும் நான் அனுப்பிய செய்திக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது.

ஈரான் விஷயத்தில் நான் பார்த்தது இன்னும் மெதுவான நெருக்கடி. 2012இல் ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து வெட்டப்பட்ட பிறகு, நாம் வாங்கும் எண்ணெய்க்கான பணத்தில் ஒரு பங்கு ரூபாயாக யூகோ வங்கியில் சேரும், அதிலிருந்து நம் தேயிலைக்கும் பாசுமதிக்கும் பணம் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். அருமையான யோசனை, பல வருடம் ஓடியது. 2019 மே மாதம் அமெரிக்க நெருக்கடியால் ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியதும் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஊறுவது நின்றது. இருந்ததையே இறைத்தார்கள். எண்ணெய்க் கப்பல் வராததால் கோத்தகிரிப் பக்கம் ஆர்தடாக்ஸ் தேயிலை செய்பவருக்குப் பணம் தாமதமாகிறது என்பதை அவருக்கே விளக்க நான் ஒரு மத்தியானம் முழுக்கப் பேச வேண்டியிருந்தது.

இந்தக் கருவியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். குண்டு போடுவதைவிடக் கடனை நிறுத்துவது எவ்வளவோ மேல். ஆக்கிரமிப்பு செய்யும் அரசுக்கு மற்றவர்கள் வரிப்பணத்தில் உத்தரவாதம் கொடுக்கவும் வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்ட சரக்கைத் தொடாதீர்கள். நேற்றைய விதியை நம்பி அனுப்பியவருக்கு நேற்றைய விதியே பொருந்த வேண்டும். அந்தச் செலவை இந்த நெம்புகோலை இழுக்கும் அரசு ஏற்க வேண்டும். அந்தப் பணம் ஒரு அரசுக்குப் பெரிதில்லை. அரை ஏக்கர் தோட்டக்காரருக்கு அதுதான் பள்ளிக் கட்டணம்.

ஏன் சொல்கிறேன் என்றால், நீலகிரி இதை ஒருமுறை முழுசாக அனுபவித்திருக்கிறது. டாலர் இல்லாமல் ரூபாயிலேயே கணக்கு முடிக்கும் ரூபாய் வணிகத்தில் சோவியத் யூனியன் இங்கிருந்து தேயிலையை அள்ளிக்கொண்டு போன காலத்தில் மலைச்சரிவில் காய்கறி நிலங்கள்கூடத் தேயிலையாக மாறின. 1991க்குப் பிறகு அந்த வாசல் அடைபட்டது. அந்தப் பத்தாண்டு முடியும்போது பச்சைத் தேயிலை விலை விழுந்து, விவசாயிகள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். அப்போது கடன் புதுப்பிக்க வந்தவர்களின் முகங்களை நான் மறக்கவில்லை.

2022 ஏப்ரலில் ஒரு படுகர் பெரியவர் வந்தார். வெள்ளை முண்டாசு, கையில், கொடுத்த பச்சைத் தேயிலையின் எடைக்கு ஃபேக்டரி தந்த கொழுந்துச் சீட்டுக் கட்டு. எங்கள் கிளையில் அவருக்குச் சேமிப்புக் கணக்கு.

"அம்மா, போன மாசக் கொழுந்துப் பணம் ஏறிடுச்சான்னு பாரு."

"இன்னும் இல்லைங்க ஐயா."

"ஃபேக்டரில கேட்டா, தூள் வாங்கினவங்க பணம் கட்டலைங்கறாங்க. அவங்களைக் கேட்டா ரஷ்யாங்கறாங்க. நான் யாரைம்மா கேட்கிறது?"

நான் பட்டியல், கவர், ஸ்விஃப்ட் எதையும் எடுக்கவில்லை. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தோம். 412 கிலோ.

ஜனவரி பில்லுக்குப் பணம் ஜூன் இரண்டாவது வாரம் வேறொரு வங்கி வழியாக வந்தது. வந்த அன்றே வரவு வைத்தேன். தாமதமான நாள்களுக்கான வட்டியை விதிப்படி ஏற்றுமதியாளர் கணக்கில்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கணக்காளர் அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.