ஆறுதலாக வாருங்கள்

கொழும்புக்கு வந்த முதல் வாரத்திலேயே நான் தவறாகப் புரிந்துகொண்டது ஒரு தமிழ்ச் சொல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், நான் குடிவந்த மறுநாள் பெயரும் ஊரும் விசாரித்துவிட்டு, "இப்ப அடுப்பில வேலை கிடக்கு. பிறகு ஆறுதலா வாங்கோ பிள்ளை, கதைப்பம்" என்றார். என் ஊரான பாளையங்கோட்டையில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லும் தேற்றரவு; ஜெபக்கூட்டங்களில் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஆகவே அவர் வீட்டில் ஏதோ இழப்பு நேர்ந்திருக்கிறது என்று எண்ணி, அன்று மாலையே வேதாகமத்தோடு போய் வாசலில் நின்றேன். அவசரம் இல்லை, பொழுது கிடைக்கும்போது வாருங்கள் என்பதையே அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் ஓர் இழப்பு இருந்ததும் உண்மைதான். அதை அவர் தாமாக என்னிடம் சொல்ல இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2021ஆம் ஆண்டின் கடைசியில் எங்கள் சபை என்னை இங்கே ஊழியத்துக்கு அனுப்பியது. வழியனுப்பு ஆராதனையில், மொழி தெரிந்த நாட்டுக்குப் போகிறாய், உனக்குக் கஷ்டம் இராது என்று பலரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் நாம் கொடுப்பவர்கள், அவர்கள் பெறுபவர்கள் என்ற எண்ணமும் அந்த வார்த்தைகளுக்குள் இருந்தது. எங்கள் சொந்த வரலாறே அதற்கு நேர்மாறானது. பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணத்துக்குச் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்கார மிஷன்களை எதிர்பார்க்காமல் தாங்களே தமிழ்நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பிவந்ததைக் கண்டார். அது அவரை மிகவும் அசைத்தது. மறு ஆண்டு, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஞாயிறு பள்ளியில் அசரியாவைப் பற்றி எவ்வளவோ படித்த எனக்கு, இந்த யாழ்ப்பாணப் பயணம் இங்கே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

என் வேலையின் பெரும்பகுதி வீடு சந்திப்பு. காலையில் பாண் என்னும் ரொட்டி விற்கும் முச்சக்கர வண்டி இசையோடு ஒழுங்கைக்குள் நுழையும்போது நாள் தொடங்கிவிடும். முற்பகலில் பிள்ளைகளின் பாடத்துக்கு உதவுவேன், பிற்பகலில் முகத்துவாரம், மட்டக்குளி வரை நடப்பேன். முதல் மாதங்களில் எல்லாரும் என்னைச் சிஸ்டர் என்றே அழைத்தார்கள். எங்கள் ஊர்ச் சபையில் அது சாதாரண விளிதான். புனித லூசியா பேராலயத்தின் நிழலில் இருக்கும் இந்தப் பகுதியிலோ சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. அங்கியும் முக்காடும் இல்லாமல் பருத்திச் சேலையில் வரும் இவள் எந்தச் சபைச் சிஸ்டர் என்று அவர்கள் குழம்பியிருக்கிறார்கள். அக்கா என்று ஒருவர் கூப்பிடத் தொடங்கியபோது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

சிங்களம் கற்காமல் கொழும்பில் ஊழியம் செய்ய முடியாது என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா என்னைக் கண்டதும் "என்ன, என்ன" என்பார். என்ன வேண்டும் என்று கேட்கிறார் போலும் என்று நான் வாசலிலேயே நிற்பேன். சிங்களத்தில் அது வாருங்கள் என்ற அழைப்பு. உள்ளே போனதும் "வாடி வென்ன" என்றார். தமிழ்க் காதுக்குத் துடுக்காக ஒலிக்கும் அந்தச் சொற்களுக்கு, உட்காருங்கள் என்று பொருள். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் இரண்டையுமே கற்றார்; 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். நான் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவள் என்றாலும், சிங்கள எழுத்துக்களோடு போராடிய இரவுகளில் அவரை நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

வந்து சில மாதங்களிலேயே 2022இன் பொருளாதார நெருக்கடி தொடங்கியது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இருக்கவில்லை. பெண்கள் எல்லாரும் எரிவாயு வரிசையில் நின்றதால் சந்திக்கப் போன வீடுகள் பூட்டிக் கிடந்தன. காலி சிலிண்டர்களைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு, இரவெல்லாம் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். எனக்கும் சமைக்க வேண்டுமே. நானும் என் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் நின்றேன். அதுவரை நான் வீட்டுக்குப் போனால் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்து, ஜெபம் முடியும் வரை மரியாதையாக இருந்தவர்கள், வரிசையில் என்னோடு தரையில் உட்கார்ந்து மனம்விட்டுக் கதைத்தார்கள். ஹட்டன் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்த ஒருத்தி சொன்னாள்: "தோட்டத்துல பொறந்தேன், இப்பவும் தோட்டத்துலதான் கெடக்கேன் அக்கா." முதல் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டம். இரண்டாவது, கொழும்பில் தோட்டம் என்றும் வத்த என்றும் அழைக்கப்படும் நெருக்கமான குடிசைப் பகுதி. என் ஊரில் தோட்டம் என்றால் முருங்கையும் வாழையும் நிற்கும் இடம். ஒரே சொல் அவள் வாயில் எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை அன்றிரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாதந்தோறும் நான் ஊருக்கு அனுப்பும் அறிக்கையில் சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், கொடுத்த கைப்பிரதிகள் என்று கட்டங்கள் உண்டு. வரிசையில் நின்ற ஒன்பது மணி நேரத்துக்குக் கட்டம் இல்லாததால் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினேன். எங்களைத் தாங்குகிறவர்கள் அன்பானவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் அந்த ஆண்டு அரிசி, பருப்பு, சீனி, மா அடங்கிய உலர் உணவுப் பொதிகளைக் கொடுத்தோம். ஒவ்வொரு பொதியிலும் ஒரு கைப்பிரதி வைக்கும்படி சிலர் கேட்டார்கள். நான் மறுத்தேன், இன்றைக்குக் கேட்டாலும் மறுப்பேன். அரிசிக்கும் மாவுக்கும் ஆள் சேர்க்கிறவர்கள் என்ற பழி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள்மேல் உண்டு, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பிள்ளைகள் பசித்திருக்கும் வீட்டில் தாய்க்கு வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் இல்லை என்பது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. அது என் அண்டை வீட்டாருக்கும் உரியது. யாராவது என் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்கிறேன், கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2024 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை, கடைசி வீட்டு அம்மா என் வாசலுக்கு வந்தார். "நாளைக்குக் கொச்சிக்கடைக்கு என்னோட வாறீங்களோ?" என்று கேட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அவருடைய தங்கை உள்ளே இருந்திருக்கிறார். அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுநாள் எங்கள் சபையில் நான் வேதபாடம் வாசிக்க வேண்டியிருந்தது. வேறொருவரிடம் கேட்டுக்கொண்டு அவரோடு நடந்தேன். குண்டு வெடித்த அதே நேரத்தில், காலை 8.45க்கு, மணி ஒலித்து எல்லாரும் மௌனமானார்கள். பிறகு, இரவு தேடி எடுத்து வைத்திருந்த ஒரு சங்கீதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து, "ஒண்டும் வாசிக்க வேண்டாம் பிள்ளை. பக்கத்தில நில்லுங்கோ" என்றார். நின்றேன்.

திரும்பி வந்ததும், "உள்ளுக்கு வாங்கோ, பாணும் சம்பலும் சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று அடுப்படிக்குள் போனார். என் தாய்க்கு அந்த வாரந்தான் பாளையங்கோட்டையில் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. "அம்மான்ர கண் இப்ப எப்பிடி? எடுங்கோ, நான் கதைக்கிறன்" என்றார். தொலைபேசியில் அழைத்துக் கொடுத்தேன். ஒருவர் தங்கையைப் பற்றியும் மற்றவர் வெளிநாட்டில் தனியாக இருக்கும் மகளைப் பற்றியும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்கள் கதைத்து முடிப்பதற்குள் நான் ஒரு முழுத் தேங்காயைத் துருவி வைத்துவிட்டேன்.