மேனேஜர் ஆகலாமா, டெக்னிக்கலிலேயே தொடரலாமா?

சாஃப்ட்வேர் வேலையில் ஏழெட்டு வருஷம் ஆனதும் அப்ரைசலில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அடுத்து டீமைப் பாத்துக்கிறீங்களா, டெக்னிக்கலிலேயே இருக்கீங்களா?" எது பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், உங்கள் கம்பெனியில் இரண்டாவது பாதை, அதாவது மேனேஜர் ஆகாமலே டெக்னிக்கலில் உயரும் பாதை, நிஜமாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்ற மூத்த டெக்னிக்கல் பதவிகளின் பெயர்கள் எச்.ஆர். ஆவணத்தில் இருந்தால் போதாது. உங்கள் ஆபீஸில் அந்தப் பதவியில் எத்தனை பேர்? உள்ளிருந்தே அங்கே உயர்ந்தவர் யாராவது உண்டா? மெட்டாவில் எம்1 மேனேஜரும் இ6 இன்ஜினியரும் ஒரே படி. ஐபிஎம் 1960களிலேயே ஃபெல்லோ என்ற உச்சப் பதவியைத் தொழில்நுட்ப ஆட்களுக்கென்று உருவாக்கியது. மற்ற கம்பெனிகளுக்காக வேலை செய்து தரும் சர்வீஸ் கம்பெனிகளின் கணக்கு வேறு. அங்கே வருமானம் ஒவ்வொருவரின் வேலை நேரத்துக்கும் கிளையன்ட் தரும் பில்லிங் ரேட்டில் வருகிறது. கீழே ஃப்ரெஷர்கள் நிறையவும் மேலே சீனியர்கள் கொஞ்சமாகவும் இருந்தால்தான் மார்ஜின் நிற்கும். பதினைந்து வருஷ அனுபவஸ்தர் கோட் மட்டும் எழுதினால், அவர் சம்பளத்துக்கு ஈடான ரேட் கிடைப்பது கஷ்டம். ஆர்க்கிடெக்ட் இடங்கள் அங்கே சொற்பமாக இருப்பது இதனால்தான். கோட் பக்கமே இருக்க ஆசைப்படுபவர் சொந்த சாஃப்ட்வேரை உருவாக்கி விற்கும் புராடக்ட் கம்பெனி பக்கம் நகர்வதே நல்லது.

மேனேஜர் வேலை பதவி உயர்வு அல்ல, வேறு வேலை. எட்டுப் பேர் டீம் என்றால் ஒவ்வொருவரோடும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன் மட்டுமே நாலு மணி நேரம். அதில் எழும் விஷயங்களை முடித்துக்கொடுக்க இன்னொரு நாலு மணி நேரம். ஆள் எடுக்கும் மாதங்களில் இன்டர்வியூ தனி. புது மேனேஜர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்: ரிலீஸுக்கு அவசியமான ஒரு மாட்யூலைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். பகல் முழுக்க மீட்டிங், ராத்திரி கோட். எழுதிய கோடைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் நாலு நாள் நிற்கும், டீமே அதற்காகக் காத்திருக்கும். கோட் மேல் ஆசை விடாவிட்டால் மற்றவர் கோடை ரிவ்யூ செய்வதும், யாரும் காத்திருக்காத சின்னப் பிழைகளை (bug) சரிசெய்வதும் போதும்.

மனசைச் சோதிப்பது ரேட்டிங் நேரம். நீங்கள் 'சிறப்பு' என்று கொடுத்தவரை எல்லா டீம்களின் ரேட்டிங்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் நார்மலைசேஷன் மீட்டிங்கில் ஒரு படி இறக்கிவிடுவார்கள். மறுநாள் அவர் எதிரே உட்கார்ந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். "நான் நல்லாத்தான் கொடுத்தேன், மேலே குறைச்சுட்டாங்க" என்று நழுவினால், உங்களிடம் பேசிப் பயனில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார். எந்த வேலையில், எந்த ஆதாரம் குறைந்தது என்று குறிப்பாகச் சொல்லி, அடுத்த முறைக்கு அவரோடு திட்டம் போட வேண்டும். இந்தப் பேச்சை நினைத்தாலே வயிறு கலங்கினால் அதைப் பொருட்படுத்துங்கள்.

ஆனால் மனுஷங்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்று டெக்னிக்கல் பக்கம் போனால் ஏமாற்றம்தான். ஸ்டாஃப் நிலையில் பாதி வேலை டிசைன் டாக்குமென்ட் எழுதுவதும், உங்களுக்கு ரிப்போர்ட் செய்யாத மூன்று டீம்களைச் சம்மதிக்க வைப்பதும்தான். அதிகாரம் இல்லாமல் செய்வதால் இது இன்னும் கடினம்.

மேனேஜர் நாற்காலி பத்திரமானது என்ற எண்ணமும் பழசாகிவிட்டது. 2024 செப்டம்பரில் அமேசான், மேனேஜர்களோடு ஒப்பிட்டால் மற்றவர்களின் விகிதத்தைக் குறைந்தது 15 சதவீதம் உயர்த்தச் சொன்னது. இப்படி அடுக்குகளைக் குறைக்கும்போது மூன்று நாலு பேரை மட்டும் வைத்திருக்கும் மேனேஜர் மேல்தான் முதலில் கண் விழும்.

முதலில் இன்டர்வியூ பேனலில் சேருங்கள், இரண்டு ஜூனியர்களை ஆறு மாதம் வழிநடத்திப் பாருங்கள். பிறகு ஒப்புக்கொள்வதானால், உங்கள் டீமில் எத்தனை பேர், பிறகு டெக்னிக்கலுக்கே திரும்பி வந்தால் எந்த லெவல், எந்தச் சம்பளம் என்பதை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை, சொன்ன மேனேஜர் வேலை மாறிய அன்றே காற்றோடு போய்விடும். பொறுப்பேற்கும் தேதியை அப்ரைசல் முடிந்த பிறகு கேளுங்கள். மார்ச்சில் அப்ரைசல் நடக்கும் கம்பெனியில் பிப்ரவரியில் டீமை ஏற்றால், நீங்கள் வேலை செய்து பார்த்தே இராதவர்களுக்கு நீங்கள் ரேட்டிங் போட வேண்டியிருக்கும்.